பரண் மேல் மூட்டை



நம் இல்லங்களுள் பெரும்பாலானவற்றில் பரண் மேல் ஒரு மூட்டை இருக்கும். ஓரம் நைந்த வேட்டி, நடுவில் கிழிந்த படுக்கை விரிப்பு, பிள்ளைகளுக்குச் சிறியதாகிவிட்ட பள்ளிச் சீருடை, சாயம் மங்கிய சேலை, பொத்தான் இழந்த சட்டை ஆகிய யாவும் அதனுள் அடைக்கலம் புகுந்திருக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ பொங்கலுக்கோ வீட்டை வெள்ளையடிக்கும் நாளில் அந்த மூட்டை கீழே இறங்கும். அதன்பின் அதற்கு மூன்று வழிகளுள் ஒன்று வாய்க்கும். போகி நெருப்பில் விழும். அல்லது பாத்திர வியாபாரியின் கூடைக்குப் போகும். அல்லது "யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்ற சொல்லுடன் பங்கு அலுவலகத் திண்ணையை அடையும். இம்மூன்றனுள் மூன்றாவதே சிறந்தது என நாம் எண்ணி மனநிறைவு அடைகிறோம். அந்த மனநிறைவுக்கு நாம் உண்மையாகவே உரியவர்கள்தாமா என்பதை இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

தோல் தொழில் சொல்லும் பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி வாழும் நமக்குத் 'தரம் பிரித்தல்' என்பது புதிய சொல்லன்று. பச்சைத் தோல் வந்து இறங்கியதும் தரம் பிரிக்கின்றனர். பதனிட்ட பிறகு மீண்டும் பிரிக்கின்றனர். காலணிக்கென வெட்டுமுன் இன்னொரு முறை பார்க்கின்றனர். கத்தி பட்ட வெட்டு எங்கே, உண்ணி கடித்த வடு எங்கே, முள் கீறிய தழும்பு எங்கே என்று கையால் தடவியே கண்டுகொள்வோர் நம் ஊர்களில் உண்டு. தடித்த தோலைப் பொறியிலிட்டு இரண்டாகப் பிளந்து, மேல் அடுக்கைக் காலணியின் மேற்பகுதிக்கும், கீழ் அடுக்கைக் கையுறை முதலியவற்றுக்கும் ஒதுக்குகின்றனர். உட்புறத்திலிருந்து செதுக்கி எடுக்கும் சதைப் பற்று பசை காய்ச்சுவதற்குப் போகிறது. சீவல்களை அழுத்தித் தோல் அட்டை செய்கின்றனர். ஒரு தோலின் எந்தப் பகுதி எதற்கு ஆகும் என அறிந்தவரே இத்தொழிலில் கைதேர்ந்தவர்.

நம் குடும்பங்களின் பெண்மக்கள் பலர் காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து உழைக்கின்றனர். ஒரு நூல் பிசகினாலும் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் யாரோ அணியப்போகும் காலணிக்கு இத்துணை கவனம் செலுத்தும் நம் கைகள், அண்டை வீட்டார் உடுத்தப்போகும் துணியைப் பிரித்துப் பாராமலே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. பழைய துணியைப் பற்றிச் சொல்லத்தக்க முதற்செய்தி இதுவே: பிரிக்காத மூட்டை பாதி குப்பை, பிரித்த மூட்டை ஒரு செல்வம்.

வேலூருக்கு வந்த கட்டுத்துணி

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அழகிய சான்று உள்ளது. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. 1955-இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோயாளருக்கான மருத்துவ ஆய்வு நிலையமும் எழுந்தது. தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதத்தில் முள் தைத்தாலும் வலி தெரியாது. அதனால் புண் ஆழமாகும். ஆறுவதற்குப் பல நாள் ஆகும். அதுவரை மீண்டும் மீண்டும் கட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை கட்டுத்துணிக்கு எங்கே போவது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த பெண்கள் இதற்குக் கைகொடுத்தனர். தங்கள் வீடுகளில் நைந்த வெள்ளைப் பருத்தி விரிப்புகளைத் துவைத்து, தையலும் ஓர மடிப்பும் இல்லாத பகுதிகளை நீண்ட பட்டைகளாகக் கிழித்து, பிசிர் நீக்கி, இறுகச் சுருட்டி, பெட்டிகளில் அடுக்கி, வேலூர் உள்ளிட்ட மிஷன் மருத்துவமனைகளுக்குக் கப்பலேற்றி அனுப்பினர். இன்ன அகலத்தில் இத்தனை சுருள்கள் வேண்டும் என்று களத்தில் பணியாற்றியோர் எழுதிக் கேட்பர். அந்த அளவுக்கே அவர்கள் கிழிப்பர். அப்பெண்களுள் மிகப் பலர் வேலூரைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை. ஆயினும் வேலூர் நோயாளியின் காலுக்கு எத்துணை அகலம் வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். கிழிந்த விரிப்புதான், ஆனால் பெறுபவரின் அளவுக்குக் கிழிந்தது. கொடை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இன்று புண்ணுக்குக் கட்டுவது கிருமி நீக்கிய காஸ் துணியே. வீட்டுப் பழந்துணியைத் திறந்த காயத்தின்மேல் நேராக வைத்துக் கட்டுதல் ஆகாது. ஆனால் நெற்றியில் ஈரத்துணி இடவும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அடியில் மடித்து விரிக்கவும், உடம்பு துடைக்கவும் மெலிந்து மென்மையான பழைய வேட்டிக்கு நிகர் புதுத்துணியும் இல்லை.

நாகப்பட்டினத்தில் குவிந்த துணி

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டமே மிகுந்த உயிர்ச்சேதம் கண்டது. நாடெங்கும் மக்கள் உள்ளம் உருகி லாரி லாரியாகப் பொருள்களை அனுப்பினர். அவற்றுள் பழைய துணிகளும் ஏராளம். சில நாள்களிலேயே சாலையோரங்களில் துணிகள் மலைபோல் குவிந்து, மழையிலும் சேற்றிலும் மிதிபட்டன. அனுப்பியவர்களின் இரக்கம் பொய்யன்று. ஆனால் கிழிந்தவை, அழுக்கானவை, அக்கரையோர மக்கள் உடுத்தும் வழக்கமே இல்லாதவை எனப் பலவும் பிரிக்கப்படாமல் வந்து சேர்ந்தன. நேற்றுவரை உழைத்து உண்ட மீனவ மக்கள், வீடிழந்த அன்றும் மானத்தை இழக்கவில்லை. பிறர் கழித்துப் போட்டதைச் சாலையில் பொறுக்கி உடுத்த அவர்கள் உடன்படவில்லை. வேலூருக்கு வந்த சுருளில் பெறுபவரின் அளவு இருந்தது; நாகப்பட்டினத்துக்குப் போன குவியலில் கொடுப்பவரின் பரண் இருந்தது.

அக்குவியல்கள் அனைத்தும் வீணாகாமல் காத்தவர்களுள் தில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்னும் அமைப்பும் ஒன்று. அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தம் வீட்டிலிருந்த 67 உடைகளைக் கொண்டு அதனைத் தொடங்கினார். ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வமைப்பினர் தமிழகம் வந்து, கேட்பாரற்றுக் கிடந்த துணிகளைச் சேர்த்து, பிரித்து, உடுத்தத் தக்கதை உடையாகவும், தகாத பருத்தியைப் பெண்களின் மாதவிலக்கு நாள்களுக்கான மடிப்புத் துணியாகவும் மாற்றினர். அப்பணிக்காகக் குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. அவர் பல மேடைகளில் கூறியுள்ள ஒரு நிகழ்ச்சி நம்மை நடுங்கவைக்கும். மாற்றுத் துணியற்ற ஓர் ஏழைப் பெண், மாதவிலக்கின்போது பழைய ரவிக்கையைப் பயன்படுத்தினாள். அதிலிருந்த துருப்பிடித்த கொக்கி கீறியதால் இசிவு நோய் கண்டு இறந்துபோனாள். ஒரு கொக்கியைக் கழற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை யாரும் செலவிடாத ஒரு ரவிக்கை ஓர் உயிரை வாங்கியது.

இழை அறிதல்

இனி மூட்டையை அவிழ்ப்போம். நம் பாட்டிமார் காலத்தில் இவ்வேலை எளிது. வீட்டிலிருந்தது பெரும்பாலும் பருத்தி. தாத்தாவின் வேட்டி நைந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் கைக்குழந்தைக்கு அணையாடையாகும். அதுவும் போனால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாகும். கடைசி இழை அகல் விளக்குக்குத் திரியாகும். நெடுநாள் வாழ்ந்த பெரியவரின் வேட்டியில் பிறந்த குழந்தையை ஏந்துவதை ஒரு பேறாகவே கருதினர். பழஞ்சேலை தூளியாகித் தலைமுறையைத் தாலாட்டியது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி பிறந்த மண் இது.

டெரிலினும் டெரிகாட்டனும் வந்தபின் இவ்வரிசை குலைந்தது. பாலியெஸ்டர் துணி எளிதில் நையாது. ஆயினும் நீரை உறிஞ்சாது. அதைக் கொண்டு தரை துடைத்தால் ஈரம் இடம் மாறுமே தவிர நீங்காது. வியர்வையை ஏற்காததால் குழந்தையின் மேனிக்கும் ஆகாது. எல்லாவற்றிலும் கொடியது, நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். செயற்கை இழைத் துணியைக் கரித்துணியாக வைத்திருக்கும் அடுக்களை ஆபத்தான அடுக்களை. எனவே பிரிக்குமுன் இழை எது என அறிந்துகொள்வது அவசியம்.

அதற்கு ஒரு சிறு சோதனை உண்டு. துணியின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவுங்கள். தட்டு ஒன்றில் நீர் வைத்து, அதன் மேலாக நூலை இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கலாகாது. பருத்தி சுடர்விட்டு எரியும்; காகிதம் எரியும் மணம் வரும்; மென்மையான சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் தயங்கித் தயங்கி எரியும். மயிர் கருகும் நாற்றம் வீசும். பாலியெஸ்டரும் நைலானும் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகிவிடும். கலப்புத் துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்தே காணப்படும்.

ஐந்து பங்காகப் பிரித்தல்

இழை தெரிந்தபின், கூடத்தில் ஒரு பாய் விரித்து ஐந்து பங்காகப் பிரிக்கலாம்.

முதற்பங்கு, அப்படியே உடுத்தத் தக்கவை. 'இதை என் பிள்ளைக்கு அணிவித்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு அழைத்துச் செல்வேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்வேன் எனில் அது முதற்பங்கு. இல்லையெனில் வேறு பங்குக்குரியது. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாம் பங்கு, ஊசியும் நூலும் பட்டால் மீளக்கூடியவை. பிரிந்த தையல், அறுந்த பொத்தான், பழுதான ஜிப்பு, சிறு கிழிசல் ஆகியவை இதில் சேரும். கிழிசல் சிறியதாயிருக்கும்போதே இழையோட்டித் தைத்துவிட வேண்டும். ஒரு விரல் நீளத்தில் நிற்பது ஒரு வாரத்தில் ஒரு முழமாகிவிடும். ஒட்டுப் போடுவதாயின் புதுத்துணியால் போடாமல், அதே வயதுடைய பழந்துணியால் போடுங்கள். இல்லாவிடில் துவைக்கும்போது புதிது சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழித்துவிடும்.

மூன்றாம் பங்கு, உருமாறத் தக்க பருத்தி. படுக்கை விரிப்பு நடுவில்தான் முதலில் நையும். இரு ஓரங்களும் கெட்டியாகவே இருக்கும். அதை நெடுக்காக நடுவில் இரண்டாக வெட்டி, கெட்டியான ஓரங்களை உள்ளே கொணர்ந்து சேர்த்துத் தைத்து, நைந்த பக்கங்களை வெளியோரமாக்கி மடித்து அடித்துவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்த நாளில் வீடுதோறும் இம்முறையைக் கையாண்டனர். அவ்வாறு தைக்க இயலாதபோது தலையணை உறைகளாகவும், மாவு சலித்து மூடும் துணியாகவும், வடிகட்டும் துணியாகவும் வெட்டலாம். குடியாத்தம் லுங்கி போன்ற கெட்டி நெசவு, கடைக்குக் கொண்டுசெல்லும் பைக்கு மிகப் பொருந்தும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் அரசு தொடங்கியது. பை வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அது பரணிலேயே இருக்கிறது.

பழைய பருத்திச் சேலைகளை நான்கைந்து அடுக்காக விரித்து, நெருக்கமாக ஓடு தையல் போட்டால் குளிர்காலப் போர்வை கிடைக்கும். வங்கத்தில் இதனைக் காந்தா என்பர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் நம் கத்தோலிக்கரும் பலர். அவர்தம் பெண்கள் கந்தைத் துண்டுகளை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக் கவந்தி என்னும் போர்வை செய்கின்றனர். முடிவில் நான்கு மூலைகளிலும் சிறு துணிப் பூ வைப்பர். பூ இல்லாத போர்வை ஆடையற்றது போன்றதாம். கந்தையில் செய்த பொருளுக்கும் அழகு குறையலாகாது என்பது அவர்களின் எண்ணம்.

இப்பங்கிலேயே மிக மென்மையான வெள்ளைப் பருத்தியைத் தனியே எடுத்து வையுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கும், வீட்டிலுள்ள பெண்களுக்கும் அது தேவைப்படும். தாய்மார்கள் இதைப் பேசக் கூசுகிறார்கள்; கூச வேண்டியதில்லை. மாதவிலக்குத் துணியைச் சோப்பிட்டு நன்கு அலசி, நேரான வெயிலில் காயவைக்க வேண்டும். பிறர் கண்ணில் படலாகாதென்று இருண்ட மூலையில் ஈரத்தோடு உலர்த்துவதே நோய்க்கு வழி. மேலே மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்திக் கொடியில் இடலாம், வெயிலை மறுக்கலாகாது. கொக்கி, ஊக்கு, பொத்தான் எதுவும் இல்லாத துணியாக இருத்தல் வேண்டும் என்பதை மேலே கண்ட நிகழ்ச்சியே சொல்லும். குழந்தைக்கான துணியைக் கொதிநீரில் இட்டு எடுத்து வெயிலில் உலர்த்துங்கள்.

நான்காம் பங்கு, துடைப்பதற்கு மட்டுமே ஆகும் பருத்தி. இதனை ஒரே அளவாக வெட்டி அடுக்கிவையுங்கள். அடுக்களைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒன்று எனத் தனித்தனியே இருக்கட்டும். தொழிற்கூடங்களில் இதற்கென்றே 'பனியன் வேஸ்ட்' விலைக்கு வாங்குகின்றனர். நீண்ட பட்டைகளாகக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் நல்ல கால்மிதி ஆகும்.

ஐந்தாம் பங்கு, செயற்கை இழையும் பட்டும். நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலைகள் விரைவில் உலரும், எளிதில் மட்கா. எனவே அவற்றைக் கொடிக்கயிறாகப் பின்னலாம்; தையல் இயந்திரத்துக்கு உறையாகவும், மழைநாளில் காய்கறி வாங்கும் பையாகவும் தைக்கலாம். அடுப்பருகே மட்டும் அவை வரலாகாது. போகியன்று கொளுத்தவும் ஆகாது. அந்தப் புகை முதலில் சேர்வது நம் வீட்டுப் பிள்ளைகளின் மார்பில். ஒவ்வோராண்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறது.

பட்டுச் சேலையின் கதை வேறு. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. காஞ்சிபுரத்துப் பழஞ்சேலை இற்றுப்போனாலும் அதன் சரிகையிலுள்ள வெள்ளி இறவாது. ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அதை ஈடாகக் கொடுத்துவிட்டு, வாளி இலவசமாகக் கிடைத்ததென்று மகிழும் குடும்பங்கள் உண்டு. கொடுக்குமுன் சரிகையைச் சோதித்து, எடையிட்டு, இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். செம்பு இழையில் செய்த மலிவான சரிகைக்கு அம்மதிப்பு இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

வீட்டைத் தாண்டிய வாழ்வு

வீட்டில் எதற்கும் ஆகாத கந்தைக்கும் உலகில் வேலை உண்டு. 1813-இல் இங்கிலாந்தின் பாட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தையைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். இன்று அத்தொழிலின் பெரும் நடுவம் நம் நாட்டின் பானிப்பட்டு. குளிர்நாடுகள் கழித்த கம்பளி உடைகள் அங்கு வந்து சேர்கின்றன. பெண்கள் வரிசையாக அமர்ந்து பொத்தானும் ஜிப்பும் நீக்கி, நிறம் நிறமாகப் பிரிக்கின்றனர். சிவப்புக் கந்தையிலிருந்து சிவப்பு நூலே கிடைப்பதால் புதிதாய்ச் சாயமிட வேண்டுவதில்லை. அங்கு நெய்யும் போர்வைகளே பேரிடர்க் காலங்களில் பல நாடுகளின் முகாம்களுக்குச் செல்கின்றன.

திருப்பூரிலும் அவ்வாறே. பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, அப்பகுதி ஆலைகளில் மீண்டும் நூற்கின்றனர். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட கதையை அறிந்தோர்க்கு, சாயமிட வேண்டாத நூலின் அருமை விளங்கும். புதுச்சேரியில் 1959-இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் கைக்காகிதச் சாலை பருத்திக் கந்தையைக் கூழாக்கித் தாள் செய்கிறது. மரக்கூழ் வருமுன் மேனாடுகளின் காகிதமெல்லாம் கந்தையில் பிறந்தவையே. இன்றும் நம் கையிலுள்ள ரூபாய் நோட்டின் தாள் 100 விழுக்காடு பருத்தி. கந்தையென இகழ்ந்த பருத்தியின் உடன்பிறப்பை மடித்துப் பணப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்!

இத்தனைக்கும் அடிப்படை ஒன்றே. பானிப்பட்டிலும் திருப்பூரிலும் புதுச்சேரியிலும் முதல் வேலை பிரித்தல்தான். அழுக்கும் எண்ணெயும் ஈரமும் படிந்து, பருத்தியும் நைலானும் கலந்து கிடக்கும் மூட்டையை எந்த ஆலையும் விரும்பாது. அது நேரே குப்பைமேட்டுக்கே போகும்.

பாலாற்றங்கரையில் வாழும் நாம்

இத்துணைத் தொல்லை எதற்கு, புதுத்துணிதான் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்போர் உண்டு. ஒரு பருத்திச் சட்டைக்கான பஞ்சு விளைந்து, அது சட்டையாகி வரும்வரை ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என ஒரு மதிப்பீடு கூறுகிறது. நீரின் விலையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதைச் சுட்டிக்காட்டியது. நமக்குச் சோறிட்ட தொழிலே நம் கிணற்றையும் உப்பாக்கியது. மலிவான பொருளின் விலையை எங்கோ ஓர் ஆறு செலுத்துகிறது என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் நம்மைவிட நன்றாக அறிந்தோர் யார்? ஒரு விரிப்பை நடுவில் வெட்டித் தைத்து இரண்டாண்டு நீட்டிக்கும் தாய், காணாத ஓர் ஊரின் கிணற்றுக்கும் சிறிது நன்மை செய்கிறாள்.

பங்கில் செய்யத்தக்கது

பங்குதோறும் உள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபையினரும் அன்னையர் குழுவினரும் விழாக்காலத்தில் துணி சேர்ப்பது வழக்கம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்குமுன் கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில், என்ன துணி தேவை என்பதை முதலில் அறிந்து, அதனை ஞாயிறு அறிவிப்பில் சொல்லுங்கள். "ஆறு வயதுச் சிறுவர்க்கு நான்கு சட்டை, முதியோர் இல்லத்துக்கு இருபது பழைய பருத்தி வேட்டி" என்று அளவோடு கேட்டால், மக்கள் அளவோடு கொணர்வர். கொடுப்பவர் துவைத்து, தைத்து, பொத்தான் வைத்து, மடித்துக் கொடுக்கட்டும். பெறுபவர் வரிசையில் நின்று கை நீட்டாமல், மேசையில் அடுக்கியிருப்பதிலிருந்து தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். மூன்று குடும்பங்களுக்கு ஒரு தையல் இயந்திரமாவது நம் பகுதியில் இருக்கும். திங்களுக்கு ஒரு பிற்பகல் நான்கு பேர் கூடி அமர்ந்தால், இரண்டாம் பங்குத் துணி முழுவதும் முதற்பங்குக்கு ஏறிவிடும்.

கோவிலின் பழந்துணிகளையும் இங்கே நினைவுகூர்தல் தகும். திருப்பீடத்தில் பயன்பட்டு இற்றுப்போன துணிகளைக் குப்பையில் இடுவதில்லை. எரித்தோ மண்ணில் புதைத்தோ மரியாதையுடன் முடிப்பதே மரபு. திருப்பீடத்துக்குத் தரும் அந்த மரியாதையில் ஒரு பகுதியையேனும் ஏழையின் உடலைத் தொடப்போகும் துணிக்கும் நாம் தரலாம்.

புனித மார்ட்டின் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பதை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அவர் கொடுத்தது மூட்டையில் கிடந்ததை அன்று. அந்நேரம் தம் தோளில் இருந்ததை. நம் எல்லாராலும் அவ்வாறு கொடுக்க இயலாது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒருமுறை விரித்துப் பார்க்க எல்லாராலும் இயலும். இவ்வாண்டு பரணிலிருந்து மூட்டை இறங்கும் நாளில், கயிற்றை அவிழ்த்து, பாயில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊசியும் நூலும் அருகில் இருக்கட்டும்.